சவரக்கத்தியைக் கல்லில் தீட்டுவது எப்படி: கையோட்டத்துக்கான முழு வழிகாட்டி

சமையல் கத்தி தீட்டுகிறவர் மல்லுக்கட்டுவது கோணத்தோடுதான். கை ஒரு நூல் ஏறினாலும் இறங்கினாலும் கோணம் மாறிவிடும். மடக்குச் சவரக்கத்தியில் அந்தத் தொல்லையே இல்லை. கத்தியைப் படுக்கவைத்தால் முதுகும் வாயும் ஒரே சமயத்தில் கல்லைத் தொடுகின்றன. முதுகின் தடிமன் 5 மி.மீ., முதுகிலிருந்து வாய் வரை 17 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், இரு பக்கச் சரிவுகளும் சேர்ந்து ஏறக்குறைய 17 பாகைக் கோணம் தானாகவே கிடைக்கும். பெரும்பாலான சவரக்கத்திகள் 16 முதல் 18 பாகைக்குள் அடங்கும். கத்தியைச் செய்தவரே கோணத்தை எஃகில் வைத்துக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் ஏன் இத்தனை பேருக்குக் கூர் வருவதில்லை? கூர் வராதபோது எல்லோரும் முதலில் கல்லைத்தான் சந்தேகிக்கிறார்கள். இன்னும் நுண்ணிய கல் ஒன்று வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் கையில் இருக்கிறது. கை தேவையில்லாமல் அழுத்துகிறது, தூக்குகிறது, முறுக்குகிறது. நல்ல கையோட்டம் என்பது புதிதாக எதையும் சேர்ப்பதல்ல. இந்த மூன்றையும் கழிப்பது.

இந்த வழிகாட்டியில் வரும் சொற்களை முதலில் சொல்லிவிடுகிறேன். முடியை வெட்டும் விளிம்பு வாய். அதற்கு எதிர்ப்பக்கத் தடித்த பகுதி முதுகு. வாயின் இரு முனைகளில் கைக்கு அருகில் இருப்பது அடி, தள்ளி இருப்பது நுனி. அடிக்குப் பின்னால் விரல்கள் பிடிக்கும் கழுத்துப் பகுதி காம்பு. வாயை ஒட்டி இருபுறமும் கல் தேய்த்து உண்டாக்கும் மெல்லிய பட்டையான தளம்தான் சரிவு.

கல்லைத் தயார் செய்தல்

கற்களின் நுண்மையைக் கிரிட் என்ற எண்ணால் குறிப்பார்கள். தொடக்கத்துக்கு மூன்று கற்கள் போதும்: 1000, 4000 அல்லது 5000, 8000. அதற்கு மேல் 12000 இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. ஜப்பானியத் தர அளவில் 1000 கிரிட் கல்லின் துகள் சுமார் 11.5 மைக்ரான், 4000 சுமார் 3 மைக்ரான், 8000 சுமார் 1.2 மைக்ரான். எண் பெரிதாகப் பெரிதாகத் துகள் சிறிதாகிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் அளவீடு கொஞ்சம் மாறுவதால், முடிந்தவரை ஒரே நிறுவனத்தின் வரிசையில் வாங்குவது வசதி. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் கோட்டிக்யூல் போன்ற இயற்கைக் கற்களும் அருமையானவை. ஆனால் அவை ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு. கை பழகும்வரை செயற்கைக் கல்லே மேல்.

கல் தட்டையாக இருந்தே ஆக வேண்டும். புதிதாக வாங்கிய கல்லும் தட்டையாக இருக்கும் என்று நம்பாதீர்கள். கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, 400 கிரிட் அளவிலான வைரத் தகட்டில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். எல்லாக் கோடுகளும் மறைந்தால் கல் தட்டை. நடுவில் மட்டும் கோடு மிஞ்சினால் அங்கே பள்ளம் இருக்கிறது என்று பொருள். விளிம்புகளையும் மூலைகளையும் லேசாக மழுக்கிவிடுங்கள். கூர்மையான கல் விளிம்பில் வாய் இடித்தால் சில்லு தெறிக்கும்.

சில கற்களைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், சிலவற்றுக்கு மேலே தெளித்தால் போதும். ஊறக்கூடாத கல்லை ஊறவைத்தால் அது மென்மையாகிவிடும், வெடிக்கவும் கூடும். கல்லோடு வரும் குறிப்பில் இது இருக்கும்.

பிடிக்கும் முறை

கல்லின் நீளவாக்கு உங்களிடமிருந்து வெளியே போகும்படி வையுங்கள். நான் பரிந்துரைப்பது கல்லை இடது கையில் ஏந்திக்கொள்வதை. மேசையில் வைத்தால் தோளின் எடை தெரியாமலேயே கத்தியில் இறங்கும். கையில் ஏந்திய கல் அழுத்தினால் தாழ்ந்துபோகும், அதனால் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது உடனே தெரிந்துவிடும். ஏந்தும்போது விரல்கள் கல்லின் மேல்முகத்துக்கு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. விரல்நுனி விளிம்புக்குக் கீழேயே இருக்கட்டும். 1000 கிரிட் வேலை நீளமானது என்பதால் அதற்கு மட்டும் மேசை பரவாயில்லை.

வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பை இருபுறமும் பிடிக்கட்டும். கத்தியின் பிடியை முழுவதும் திறந்து, அலகோடு ஒரே கோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பிடி தொங்கினால் அதன் எடையே கத்தியைச் சாய்க்கும். விரல்களை உருட்டினாலே கத்தி திரும்ப வேண்டும். மணிக்கட்டு அசையத் தேவையில்லை. கல்லில் வைப்பதற்கு முன் காற்றில் கொஞ்ச நேரம் இப்படி உருட்டிப் பழகுங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இங்கிருந்து எல்லாவற்றையும் மாற்றி வாசித்துக்கொள்ளவும்.

எக்ஸ் ஓட்டம்

சவரக்கத்தி தீட்டுவதற்கு அடிப்படையே இந்த ஓட்டம்தான். மற்ற ஓட்டங்கள் எல்லாம் இதற்குத் துணை.

கத்தியைக் கல்லில் உங்களுக்கு அருகே இருக்கும் முனையில் படுக்கவையுங்கள். வாய் வெளிப்பக்கம் பார்க்கிறது, முதுகு உங்கள் பக்கம். அடிப்பகுதி கல்லின் வலது விளிம்பில் இருக்கட்டும். கல் அகலம் குறைவாக இருந்தால் நுனி இடப்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது வாய் முன்னே போகும்படி கத்தியைத் தள்ளிக்கொண்டே, அதே நேரத்தில் வலப்பக்கமாகவும் இழுங்கள். கல்லின் தொலைமுனையை அடையும்போது அடிப்பகுதி கல்லுக்கு வெளியே போயிருக்கும். நுனி மட்டும் கல்லில் இருக்கும்.

அங்கே நிறுத்துங்கள். முதுகு கல்லிலேயே இருக்க, வாயை மேலே தூக்கி மறுபக்கம் உருட்டுங்கள். இப்போது வாய் உங்களைப் பார்க்கிறது. அடிப்பகுதி மறுபடி வலது விளிம்புக்கு வரும்படி கத்தியை நகர்த்தி வைத்து, உங்கள் பக்கமாக இழுத்துக்கொண்டே வலப்பக்கம் நகர்த்துங்கள். அருகு முனையில் நுனி கல்லில் இருக்கும்போது ஒரு சுற்று முடிகிறது. போன பாதையும் வந்த பாதையும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால் இதற்கு எக்ஸ் என்று பெயர்.

கல் கத்தியை விட அகலமாக இருந்தாலும் எக்ஸ் வேண்டுமா? வேண்டும். எந்தச் சவரக்கத்தியின் வாயும் அச்சு அசலான நேர்கோடு அல்ல, எந்தக் கல்லும் முழுத் தட்டை அல்ல. நேராகவே தள்ளிக்கொண்டிருந்தால் வாயின் ஒரே இடம் கல்லின் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேயும். எக்ஸ் ஓட்டத்தில் வாயின் ஒவ்வொரு புள்ளியும் கல்லின் வேறுவேறு இடங்களைத் தொட்டுப் போகிறது. குறுகலான கற்களில் இன்னொரு நன்மையும் உண்டு: அடியிலிருந்து நுனிவரை எல்லா இடத்துக்கும் ஓரளவு சமமான வேலை கிடைக்கும்.

அடியை நுனியைவிடச் சற்று முன்னால் நீட்டி, கத்தியைச் சாய்வாக வைத்தும் ஓட்டலாம். காம்பை ஒட்டித் தடித்த தோள் போன்ற பகுதி உள்ள கத்திகளில் இது உதவும். அந்தத் தோள் கல்லில் ஏறிவிட்டால் அடிப்பகுதி தூக்கிக்கொள்ளும், பக்கத்துச் சரிவு கோணலாகும். அதனால் தோள் எப்போதும் கல்லுக்கு வெளியிலேயே இருக்கட்டும்.

எக்ஸ் ஓட்டத்தில் எப்போதும் வாய்தான் முன்னே போக வேண்டும், முதுகு அல்ல. கல்லில் முதுகை முன்விட்டு இழுத்தால் வாயின் ஓரத்தில் மெல்லிய பிசிறு நீளும். அது பார்க்கக் கூர்மையாக இருக்கும், முதல் சவரத்திலேயே உடையும். அதேபோல் உருட்டுவது முதுகின் மேல்தான். அவசரத்தில் வாயின் பக்கமாகத் திருப்பிவிட்டால் அதுவரை செய்த வேலை அந்த ஒரு நொடியில் போய்விடும்.

வேகம் முக்கியமே இல்லை. திரைப்படத்தில் வருவது போல் சரக் சரக் என்று ஓட்டுபவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம். ஓட்டத்தின் இரு முனைகளிலும் கத்தி முழுதாக நின்ற பிறகே உருட்ட வேண்டும். ஓடும்போதே உருட்டத் தொடங்கினால் முதுகு ஒரு கணம் எழும்பி, வாய் மட்டும் செங்குத்தான கோணத்தில் கல்லில் உரசும். மேலே சொன்ன தூக்கல் கோளாறு பெரும்பாலும் நடப்பது இங்கேதான்.

அழுத்தம்

இன்றைய சவரக்கத்திகளின் பக்கங்கள் உட்குழிந்து கடையப்பட்டவை. வாய்க்கு அருகே எஃகு மிக மெல்லியது, நகத்தால் அழுத்தினாலே வளையும். கல்லில் அழுத்தித் தீட்டும்போது வாய் மேல்நோக்கி வளைந்தபடி தேய்கிறது. கையைத் தளர்த்தியதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அழுத்தத்தில் உருவான சரிவும், லேசான கையில் கல் தொடும் இடமும் இப்போது ஒன்றல்ல. 8000 கல்லில் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் வாயின் கடைசி ஓரத்தை அது தொடாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அதனால் விதி இது: ஒவ்வொரு கல்லிலும் அழுத்தம் குறைந்துகொண்டே வர வேண்டும். கல்லை மாற்றும்போது மட்டும் குறைத்தால் போதாது, ஒரே கல்லுக்குள்ளும் குறைய வேண்டும். 1000 கல்லில் ஆள்காட்டி விரலின் எடையைக் கத்தியில் சாய்க்கலாம். அந்தக் கல்லின் கடைசிச் சுற்றுகளில் கத்தியின் எடை மட்டும். 8000 கல்லில் தொடக்கத்திலிருந்தே கத்தியின் எடை, முடிவில் அதைவிடவும் குறைவாக, கத்தியைக் கொஞ்சம் ஏந்திக்கொண்டது போல.

எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரிய வேண்டுமானால் சமையலறைத் தராசில் ஈரத்துணி விரித்து, அதன் மேல் கல்லை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி ஓட்டிப் பாருங்கள். லேசாகத்தான் ஓட்டுகிறேன் என்று நினைப்பவர்களுக்குத் தராசு காட்டும் எண் ஆச்சரியமாக இருக்கும்.

அழுத்தத்தைவிடக் கண்ணுக்குத் தெரியாத எதிரி முறுக்கல். காம்பை விரல்களுக்கிடையே வாயின் பக்கமாகச் சற்றே திருகினால் எடை வாயில் இறங்கும். முதுகுப் பக்கம் திருகினால் முதுகு தேயும், வாய் சும்மா இருக்கும். 1000 கல்லில் வாயின் பக்கம் ஒரு துளி முறுக்கல் நல்லது, வேலை சீக்கிரம் நடக்கும். அதன்பிறகு முறுக்கலே கூடாது. காம்பைக் கீழே அழுத்துவதும் இதேபோல்தான்: அடிப்பகுதி மட்டும் தேய்ந்து, நுனி மழுங்கலாகவே இருக்கும். அடியில் சரிவு அகலமாகவும் நுனியில் ஒல்லியாகவும் தெரிந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

முதல் கல்: சரிவை அமைத்தல்

உண்மையான வேலை 1000 கல்லில்தான் நடக்கிறது. இரண்டு பக்கச் சரிவுகளும் வாயின் முழு நீளத்திலும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். மேலே வரும் கற்கள் அந்தச் சந்திப்பை மெருகேற்றத்தான் முடியும், உண்டாக்க முடியாது. இங்கே அரைகுறையாக விட்டு அடுத்த கல்லுக்குத் தாவுவதுதான் நேரத்தை வீணாக்க மிகச் சிறந்த வழி.

முதலில் மார்க்கர் பேனாவால் வாயின் இருபுறச் சரிவுகளிலும் மை பூசி, இரண்டு மூன்று எக்ஸ் ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். மை போன இடம் கல் தொடும் இடம். ஓரத்தில் மை மிஞ்சியிருந்தால் கல் இன்னும் வாயை எட்டவில்லை. நடுவில் மட்டும் மிஞ்சினால், அடியில் மட்டும் மிஞ்சினால், கத்தியின் வடிவம் என்னவென்று அதுவே சொல்லிவிடும். முதுகு தேயக் கூடாது என்று நினைப்பவர்கள் முதுகில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டலாம். கோணம் சற்றுக் கூடும். டேப் தேயத் தேய மாற்ற வேண்டும், எல்லாக் கற்களிலும் டேப்போடுதான் ஓட்ட வேண்டும்.

இந்தக் கல்லில் எக்ஸ் மட்டும் போதாது, மெதுவாகிவிடும். அரை ஓட்டம் பயன்படுத்துங்கள்: கத்தியைத் திருப்பாமல் ஒரே பக்கத்தில் முன்னும் பின்னுமாக ஓட்டுவது. முன்னே போகும்போது லேசான அழுத்தம், பின்னே வரும்போது அழுத்தமே இல்லாமல். ஒரு பக்கம் 30 முதல் 40, அப்புறம் மறுபக்கம் அதே எண்ணிக்கை. பிறகு ஒரு பக்கம் 20, மறுபக்கம் 20, பிறகு பத்து பத்து. கடைசியில் எக்ஸ் ஓட்டம் 15 முதல் 20 சுற்று. சிறு வட்டங்களாகச் சுழற்றுவதும் உண்டு, நுனி அல்லது அடி பின்தங்கினால் அந்த இடத்துக்கு மட்டும் வட்டம் வசதி. எண்ணிக்கைகள் தொடக்கத்துக்கான அளவு மட்டுமே. மோசமாக மழுங்கிய பழைய கத்திக்கு இதையே பலமுறை திரும்பச் செய்ய வேண்டிவரும். இரண்டு பக்கத்துக்கும் எண்ணிக்கை சமமாக இருப்பதில்தான் கண்டிப்பு தேவை.

சரிவு அமைந்துவிட்டதா என்று பார்க்க மூன்று வழிகள். வாயை மேல்நோக்கிப் பிடித்து விளக்குக்கு நேராகப் பாருங்கள். எங்காவது வெள்ளைக் கோடோ புள்ளியோ மின்னினால் அந்த இடம் இன்னும் தட்டையாக இருக்கிறது. கூரான வாய் ஒளியைத் திருப்பாது. அடுத்து, பூதக்கண்ணாடியில் சரிவைப் பாருங்கள். கீறல்கள் வாயின் ஓரம் வரை ஓடிப் போய் முடிய வேண்டும். மூன்றாவது, கையில் உள்ள முடியைத் தோலை ஒட்டி மழித்துப் பாருங்கள். அடி, நடு, நுனி மூன்று இடமும் ஒரேபோல் சிரமமில்லாமல் மழிக்க வேண்டும். இது தேறாதவரை 4000 கல்லைத் தொடாதீர்கள்.

மேல் கற்கள்

இனி வேலை எளிது. ஒவ்வொரு கல்லுக்கும் முன் கத்தியையும் கைகளையும் நன்றாகக் கழுவுங்கள். 1000 கல்லின் ஒரு துகள் 8000 கல்லில் ஒட்டிக்கொண்டால் ஒவ்வொரு ஓட்டத்திலும் கீறல் விழும்.

4000 அல்லது 5000 கல்லில் சில அரை ஓட்டங்கள், பிறகு 20 முதல் 30 எக்ஸ் சுற்று. முந்தைய கல்லின் கீறல்கள் மறைந்து புதிய மெல்லிய கீறல்கள் மட்டும் தெரிந்தால் போதும். 8000 கல்லில் எக்ஸ் மட்டும், 20 முதல் 30. நார்ட்டன் 4000/8000 போன்ற இரட்டைக் கல் வைத்திருப்பவர்கள் இரண்டு பக்கங்களுக்கும் மாறி மாறிப் போய், 4000 பக்கத்தில் எண்ணிக்கையைக் குறைத்து 8000 பக்கத்தில் கூட்டிக்கொண்டே வரும் பிரமிட் முறையைப் பின்பற்றுவதுண்டு. சரிவு சரியாக அமைந்திருந்தால் அந்தச் சிக்கல் தேவைப்படுவதில்லை என்பது என் எண்ணம்.

12000 கல்லில் 15 சுற்று போதும். கூடக் கூட நல்லது என்று ஓட்டினால் வாயின் ஓரம் பலவீனமான இழையாகிவிடும். அப்படி ஆகிவிட்டால் வாயைக் கல்லின் மேல் செங்குத்தாக வைத்து, எடையே போடாமல் ஒருமுறை மென்மையாக இழுத்துவிட்டு, 8000 கல்லிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

தண்ணீரைக் கவனியுங்கள்

கல்லில் மெல்லிய தண்ணீர்ப் படலம் இருக்கும்போது கத்தி வாயின் முன்னால் ஒரு சிறு அலை தள்ளிக்கொண்டு போகும். சரிவு கல்லில் சரியாக அமர்ந்திருந்தால் அந்தத் தண்ணீர் வாயின் மேல் ஏறி அலகின் மேற்பரப்புக்கு வரும். எங்காவது தண்ணீர் வாயின் அடியில் நுழைந்து போனால் அந்த இடம் கல்லைத் தொடவில்லை. மார்க்கர் செய்யும் வேலையை ஒவ்வொரு ஓட்டத்திலும் தண்ணீர் இலவசமாகச் செய்கிறது. கத்தி கல்லோடு ஒட்டி உறிஞ்சுவது போல் இழுபடத் தொடங்குவதும் நல்ல அறிகுறிதான். சரிவும் கல்லும் முழுதாகப் பொருந்திவிட்டன.

நேராக இல்லாத கத்திகள்

கல்லில் வைத்துப் பார்த்தால் நடுவில் தொட்டு இரு முனைகளும் தூக்கியிருக்கும் கத்திகள் உண்டு. வாய் புன்னகை போல் வளைந்த இந்தக் கத்திகளுக்கு உருளும் எக்ஸ் ஓட்டம் வேண்டும். அடியில் தொடங்கும்போது எடை அடிப்பக்கம், நடுவில் நடுப்பக்கம், முடிவில் நுனிப்பக்கம் என்று ஓட்டத்தோடு சேர்ந்து எடை நகர வேண்டும். ஓட்டத்தின் முடிவில் முழங்கையைச் சற்றே உயர்த்தினால் எடை நுனிக்குப் போகும். உயர்த்துவது காகிதத் தடிமன் அளவுதான், அதற்கு மேல் போனால் முதுகு எழும்பும்.

இதற்கு எதிராக, நடுவில் உள்வாங்கிய வாயை எக்ஸால் சரிசெய்ய முடியாது. வாயைக் கல்லில் செங்குத்தாகத் தேய்த்து நேர்கோடாக்கி, பிறகு 1000 கல்லில் முதலிலிருந்து சரிவு அமைக்க வேண்டும். முதல் கத்தியாக இதை எடுக்காதீர்கள். அலகே முறுக்கிக்கொண்ட கத்திக்கு அகலக் கல்லைவிடக் குறுகிய கல்தான் நல்லது.

தோல்வாரில்

கல்லில் வாய் முன்னே போனது. தோல்வாரில், அதாவது கல்லுக்குப் பிறகு கத்தியை ஓட்டும் துணியும் தோலும் கொண்ட பட்டையில், முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்தொடர வேண்டும். இதை மாற்றிச் செய்தால் தோல் வெட்டுப்படும், கூரும் போகும். முதலில் துணிப்பக்கத்தில் 20 முதல் 30 சுற்று, பிறகு தோலில் 50. தோலை இறுக்கமாகப் பிடியுங்கள். தொய்ந்தால் அது வாயைச் சுற்றி வளைந்து கூரை மழுக்கும். இங்கேயும் எக்ஸ், இங்கேயும் முதுகின் மேல் உருட்டல்.

இதன்பின் ஒரு நல்ல, சுத்தமான தலைமுடியை வேர்ப்பக்கம் பிடித்துத் தொங்கவிட்டு வாயில் தொடுங்கள். தானாக அறுந்து விழுந்தால் நல்லது. ஆனால் முடியின் தடிமனைப் பொறுத்து இந்தச் சோதனை ஏமாற்றும். நகத்தில் வாயை இழுத்துப் பார்க்கும் பழக்கம் 1000 கல்லுக்குச் சரி, தீட்டி முடித்த பிறகு வேண்டவே வேண்டாம்.

சவரத்தில் கத்தி இழுத்துப் பிடித்தால் 12000 கல்லை நோக்கி ஓடாதீர்கள். முதலில் தோல்வார். அதிலும் தீரவில்லை என்றால் 8000 கல்லில் 15 சுற்று, கத்தியின் எடையோடு மட்டும். அப்போதும் இழுத்தால் மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு 1000 கல்லுக்குத் திரும்புங்கள். கன்னத்தில் நன்றாக ஓடி, மேலுதட்டில் மட்டும் இழுத்தால் நுனிப்பக்கம் பின்தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸின் கடைசியில் நுனி மட்டும் கல்லில் இருக்கும் நிலை வரும் முன்பே கத்தியை உருட்டுகிறீர்களா, அல்லது நுனியைக் கல்லின் விளிம்புக்கு வெளியே இழுத்துவிடுகிறீர்களா என்று பாருங்கள்.

ஒருமுறை நன்றாகத் தீட்டிய கத்தி ஒவ்வொரு சவரத்துக்கும் முன் தோல்வாரில் போய் வந்தாலே மாதக்கணக்கில் தாங்கும். கூர் மங்கத் தொடங்கும்போது 8000 அல்லது 12000 கல்லில் சில சுற்றுகள் போதும். வாயில் சில்லு விழாதவரை 1000 கல்லை மறுபடி எடுக்கத் தேவையில்லை.